கீரை வேறு, இலை வேறு

எங்கள் வீட்டில் கீரை என்றால் கீரைதான். பாத்தியில் விதைத்து, வேரோடு பிடுங்கி, பிடியாகக் கட்டி, சட்டியில் அவித்து மத்தால் கடைவது. முருங்கையில் ஒடிப்பது கீரை அல்ல, அது இலை. சுண்டித் தேங்காய்ப்பூப் போட்டு எடுத்தால் வறை. வல்லாரையை அரைத்தால் சம்பல். கோப்பாயில் அந்தக் காலத்தில் எந்தப் படலையைத் தட்டிக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு சொல்லில் என் கணவரின் உயிர் தொங்கப்போகிறது என்று எவள் கண்டாள்?

அவருக்கு இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலின் மிச்சம் என்றார்கள். ஒரு நாள் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றவர், வாய் ஒரு பக்கம் இழுத்து, இடது கை சோர்ந்து, வரம்பிலேயே சாய்ந்துவிட்டார். இருதயத்துக்குள் உறைந்த இரத்தத்தில் ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருந்தது. கடவுள் புண்ணியத்தில் கையும் வாயும் மெல்ல மெல்லத் திரும்பின. இன்னொரு துணுக்கு போனால் ஆள் மிஞ்சமாட்டார் என்று சொல்லி, இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எழுதினார்கள். வாபரின் என்று பெயர். எலிக்கு வைக்கிற மருந்தும் அதே சரக்குத்தான் என்று எவனோ அவரிடம் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து, "இஞ்சை, அந்த எலி மருந்தை எடுத்துக்கொண்டு வாரும்" என்பார். அவருக்கு எல்லாம் பகிடி, சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குளிசை எழுதின டொக்டர் மலைநாட்டுப் பக்கத்தவர். தங்கமான மனிதர், குறை சொல்லக்கூடாது. "கீரை சாப்பிட வேணாம்மா, மருந்து வேலை செய்யாது" என்று ஒரே ஒரு வரி சொல்லி அனுப்பினார். அவருடைய ஊரில் முருங்கையில் ஒடிப்பதும் கீரைதானாம். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? நான் வீட்டுக்கு வந்த கையோடு கீரைப் பாத்தியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டேன். டொக்டர் சொன்னதை இவ்வளவு கடுமையாகக் கேட்டு நடந்தவள் வேறு ஒருத்தி இருக்கமாட்டாள் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

அது தொண்ணூறுக்குப் பிந்திய சண்டைக் காலம். மின்சாரம் இல்லை. பாதை பூட்டு. கடலில் இறங்கத் தடை என்பதால் மீனைக் கண்ணால் காண்பதே அருமை. பருப்பும் சீனியும் எப்போதாவது வரும். முருங்கைக்கு மட்டும் ஒருவரும் தடை போடவில்லை. ஆகவே எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் முருங்கையிலை வறைதான். அவரும் ஒரு சொல் முணுமுணுக்காமல் சாப்பிட்டார். மாதம் ஒருமுறை இரத்தம் சோதித்து, குளிசையைக் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, கடைசியில் ஒரு அளவில் நிறுத்தினார்கள். "ரொம்ப நல்லாருக்கு, இப்படியே இருங்க" என்றார் டொக்டர். பிறகு அவரும் மாற்றலாகிப் போய்விட்டார்.

இப்படி நாங்கள் பாட்டுக்கு இருக்கையில் மச்சாள் வந்து சேர்ந்தாள். என் கணவரின் தங்கை. காங்கேசன்துறைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். ஊரோடு இடம்பெயர்ந்து, ஒரு உறவினர் வீட்டிலும் ஒட்டமுடியாமல், கடைசியில் அண்ணனிடம் வந்தாள். நல்லவள், அண்ணன் என்றால் உயிரையும் விடுவாள். ஆனால் வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது.

வந்த முதல் நாள் மத்தியானமே அவருடைய சோற்றுக் கோப்பையை எட்டிப் பார்த்தாள்.

"உதென்ன மச்சாள், அண்ணையின்ரை சோத்திலை?"

"முருங்கையிலை வறை."

"டொக்டர் கீரை வேண்டாம் எண்டவரெல்லே?"

"ஓம். இந்த வீட்டுப் படலைக்குள்ளை கீரை வந்து எவ்வளவு காலம்."

"அப்ப முருங்கையிலை என்னவாம்?"

"இலை" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ மச்சாள்! பச்சை இலை எல்லாத்திலையும் விற்றமின் கே கிடக்கு. அதுதான் இரத்தத்தை உறைய வைக்கிறது. குளிசை குடுக்கிறதே அதை மறிக்கத்தான். ஒரு கையாலை மருந்தைக் குடுத்து மற்றக் கையாலை அதை முறிக்கிறியள். என்ரை அண்ணையைக் கொல்லப் போறியளோ?"

எனக்கு உச்சி கொதித்தது. "உங்கடை அண்ணையைக் கொல்லுறதெண்டால் எனக்கு இவ்வளவு காலம் வேணுமோ?" என்று கேட்டுவிட்டேன்.

"ரெண்டு பேரும் பிடுங்குப்பட்டு முடிச்சாப்போலை சொல்லுங்கோ, நான் சாப்பிடுறன்" என்றார் அவர்.

நான் மச்சாளை எதிர்த்துச் சொன்னது வாயால் மட்டும்தான். வரம்பில் சாய்ந்து கிடந்த அந்த முகம் எனக்குக் கண்ணுக்குள் வந்து நின்றது. அன்றோடு இலையை அடியோடு நிறுத்தினேன். முருங்கை இல்லை, வல்லாரை இல்லை, பொன்னாங்காணி இல்லை. சொதியில் மிதக்கிற கறிவேப்பிலையைக்கூடப் பொறுக்கி எறிந்தேன். கத்தரிக்காயும் பூசணிக்காயும் சோறும்தான்.

மச்சாள் அதோடு விட்டாளா? "வெயில் படாமல் பங்கருக்குள்ளையும் வீட்டுக்குள்ளையும் கிடந்தால் எலும்பு உளுத்துப்போகும் அண்ணை. தோலிலை வெயில் பட்டால்தான் விற்றமின் டி ஊறும். மீனும் இல்லை, மீனெண்ணெயும் இல்லை. வேறை வழியில்லை, வந்து இருங்கோ" என்று வளவுக்குள் கதிரையைப் போட்டு அவரைச் சட்டையில்லாமல் இருத்திவிடுவாள். சுட ஹெலி வருகிறதா என்று நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். "ஒருத்தி காயவிடுறாள், ஒருத்தி பட்டினி போடுறாள். என்னைக் காஞ்ச பனங்கிழங்கு மாதிரிப் புழுக்கொடியல் ஆக்காமல் விடமாட்டியள்" என்று அவர் சிரிப்பார்.

அந்த மாதம் கிளினிக்குக்குப் போனபோது, இரத்தம் சோதிக்கிற மருந்து கப்பலில் வந்து சேரவில்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். குளிசை பழைய அளவில்தான் போனது. நாங்களும் திரும்பி வந்துவிட்டோம்.

முதலில் பல் விளக்கும்போது துப்பலில் சிவப்பு. பிறகு தொடையில், சைக்கிள் பாரில் இலேசாகப் பட்ட இடத்தில், கத்தரிக்காய் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்டல். கேட்டால், "வயசு போகுதெல்லே" என்றார். மச்சாளிடம் காட்டினேன். அவள் முகம் மாறியது, ஆனால் வாய் திறக்கவில்லை. அவள் வாய் திறக்காமல் நின்றதைப் பார்த்துத்தான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது.

அடுத்த நாள் காலையில் கிணற்றடியில் முகம் கழுவப் போனவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். இரத்தம். மூக்கை அமர்த்திப் பிடித்தோம், நிற்கவில்லை. ஈரத் துவாயை வைத்தோம், நிற்கவில்லை. இடுப்புச் சாரத்தின் முன்பக்கம் நனைந்தது. ஒரு துவாய் போய் மற்றத் துவாய். "இஞ்சருங்கோ, தலையைக் குனியுங்கோ. நிமிராதேங்கோ" என்று கத்துகிறேன், அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்க்கிறார், பல்லெல்லாம் இரத்தம். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பக்கத்து வளவுக்காரரிடம் ஒரு பழைய கார் இருந்தது. அந்தக் காலத்துக் கார் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல் ஊற்றுவார்கள். அது ஒரு கோதாரி பிடித்த கார். புகையைக் கக்கிக்கொண்டு கொஞ்சத் தூரம் போகும், நிற்கும், இருமும், மறுபடியும் போகும். பாதி வழியில் ஹெலிச் சத்தம் கேட்டது. அந்த மனிதர் ஒரு வேப்பமரத்தின் கீழ் காரை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்? மனிசன் செத்துப்போகும், எடுங்கோ காரை!"

"பொறுங்கோ பிள்ளை, சுட்டானெண்டால் எல்லாரும் சேர்ந்துதான் சாகவேணும்."

சத்தம் எங்கள் தலைக்கு மேலே வந்து, சுற்றி, மெல்ல அப்பால் போனது. அவருடைய தலை என் தோளில் பாரமாகியது. மச்சாள் முன் சீற்றில் இருந்து திரும்பி, "மச்சாள், நான்…" என்று தொடங்கினாள். "ஒண்டும் கதையாதேங்கோ. உங்கடை வாயைத் திறந்தால் நான் என்ன செய்வன் எண்டு எனக்கே தெரியாது" என்றேன். கார் திரும்ப ஸ்டார்ட் ஆகும்வரை அவள் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஒரு இளம் பெண் டொக்டர். கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. மூக்குக்குள் துணியை அடைத்துக்கொண்டே கேள்வி கேட்டார். சிறுநீரிலும் இரத்தம் போகிறது என்று அப்போதுதான் என் கணவர் சொன்னார். எங்களிடம் மறைத்திருக்கிறார், மனிதர்!

"குளிசை கூடப் போட்டவரோ?"

"இல்லை."

"சாப்பாட்டிலை ஏதும் மாத்தினனீங்களோ?"

மச்சாள் மெல்லச் சொன்னாள். "இலை ஒண்டும் குடுக்கிறேல்லை டொக்டர்."

"முந்தி?"

"முந்தி ஒவ்வொரு நாளும் முருங்கையிலை" என்றேன் நான்.

டொக்டர் நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார். "அம்மா, இவருக்குக் குளிசை அளந்ததே அந்த இலையோடைதான். கிணத்துத் துலாவிலை ஒரு பக்கம் ஆள், மற்றப் பக்கம் பாரம். ஒரு பக்கத்து ஆளைத் திடீரெண்டு இறக்கிவிட்டால் என்ன நடக்கும்? இலை நிண்டதாலை குளிசையின்ரை வேலை கூடிப்போச்சு. இலை சாப்பிடலாம், விடலாம், ஆனால் கூட்டிக் குறைக்கக்கூடாது. ஒரே அளவாய் இருக்கவேணும். ஆரும் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

சொன்னார்கள், ஒரே ஒரு சொல்லில். அதை நாங்கள் எங்கள் பாஷையில் கேட்டோம். பிறகு இன்னொருத்தி அதைப் புத்தகத்துப் பாஷையில் திருத்தினாள். இரண்டுக்கும் நடுவில் அவர் வெளிறிப்போய்க் கிடந்தார்.

இரத்தம் ஏற்றவேண்டும் என்றார்கள். என் இரத்தம் பொருந்தவில்லை. மச்சாளின் இரத்தம் பொருந்தியது. அவள் கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். ஆனால் அது மட்டும் போதாதாம், விற்றமின் கே ஊசி வேண்டும். மருந்தறையில் கேட்டால் இல்லை. பொருட்களோடு வரவேண்டியது வரவில்லை. டொக்டர் பிள்ளைப்பேற்று வார்டுக்கு ஆள் அனுப்பினார்.

பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த ஊசி போடுவார்கள் என்பதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன். தாயிடமிருந்து பிள்ளைக்கு அந்தச் சத்து வந்து சேருவது குறைவு, முலைப்பாலிலும் குறைவு. முதல் கிழமையில், ஏழு நாளுக்குள், சில பிள்ளைகளுக்குத் தொப்புளால், வயிற்றால், சிலவேளை தலைக்குள்ளேயே இரத்தம் பெருகிவிடுமாம். அதற்குத்தான் அந்தச் சின்னக் குப்பி. சுண்டுவிரல் நுனியளவு.

அதைக் கொண்டுவந்த நேர்ஸ் கொடுக்கவில்லை. கைக்குள் பொத்திக்கொண்டே நின்றாள்.

"டொக்டர், உது கடைசி. அங்கை ஒரு பிள்ளைத்தாச்சிக்கு நோ தொடங்கிட்டுது. இண்டைக்குப் பிறந்திடும்."

டொக்டர் கட்டிலைப் பார்த்தார், நேர்ஸின் கையைப் பார்த்தார். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார், அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூக்கில் அடைத்த துணி மறுபடியும் சிவந்து வந்தது. நான் போய் அந்த நேர்ஸின் கையைப் பிடித்தேன்.

"போடுங்கோ. என்ரை மனிசனுக்குப் போடுங்கோ."

"அந்தப் பிள்ளை…" என்றாள் நேர்ஸ்.

"அந்தப் பிள்ளைக்கு வராமலும் போகலாம். இவருக்கு வந்திட்டுது. போடுங்கோ!"

நான் கத்தியதில் வார்டே திரும்பிப் பார்த்தது. என் சொல்லுக்காகத்தான் டொக்டர் போட்டார் என்று இல்லை. அவரும் அதே கணக்கைத்தான் தனக்குள் போட்டிருப்பார். குப்பியை வாங்கி, நரம்பில் மெதுவாக, மிக மெதுவாக ஏற்றினார். சின்ன அளவுதான் வேண்டும், கூடப் போனால் திரும்ப உறைந்து மற்றப் பக்கம் விழுத்திவிடும் என்றார். மத்தியானத்துக்குப் பிறகு மூக்கில் வைத்த துணி சிவக்காமல் இருந்தது.

பின்னேரம் பிள்ளைப்பேற்று வார்டுப் பக்கம் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. நான் எழும்பி அந்தப் பக்கம் நடந்தேன்.

தாய் குருநகர்ப் பிள்ளை. இருபது வயது இருக்கும். கழுத்தில் செபமாலை. கூட அவளுடைய தமக்கை. ஊசி போடாத பிள்ளை என்பதால் ஒரு கிழமை வைத்துப் பார்க்கவேண்டும் என்று டொக்டர் அவர்களை வீட்டுக்கு விடவில்லை. காரணத்தை அவர்களுக்குச் சொன்னார்களோ, பயப்படுத்தக்கூடாது என்று விட்டார்களோ தெரியாது. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் நான் என் கணவரைப் பார்த்துவிட்டு அங்கே போவேன். கதவடியில் நின்று, துணியை மாற்றும்போது பிள்ளையின் தொப்புளைப் பார்ப்பேன். வெள்ளையாக இருந்தால்தான் எனக்கு மூச்சு வரும். வந்து அவருடைய தலையைத் தடவுவேன். திரும்பவும் போவேன்.

ஒரு பிறத்தி மனுசி வாசலில் நின்று பச்சைப் பிள்ளையை உற்று உற்றுப் பார்த்தால் எந்தத் தாய் பொறுப்பாள்? கண்ணூறு என்றுதான் நினைப்பாள். தமக்கை என்னைக் கண்டதும் பிள்ளையை மறைத்து நெற்றியில் சிலுவை போடுவாள். "உந்த மனிசி ஏன் எங்களைச் சுத்திக்கொண்டு திரியுது? தன்ரை ஆளைப் போய்ப் பாக்கட்டுமன்" என்று என் காதில் விழும்படி சொன்னாள். நான் கேட்காத மாதிரி நின்றேன். என் குணத்துக்கு வேறு நேரம் என்றால் நாலு சொல் கொடுத்திருப்பேன். அங்கே என்னால் வாயெடுக்க முடியவில்லை.

கிழமை முடியப்போகிற நேரம் ஒரு காலை. துணியில் சிவப்பு.

"நேர்ஸ்! இரத்தம், இரத்தம்! ஓடி வாங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் தாய் எழும்பி உட்கார்ந்தாள். நேர்ஸ் வந்து பஞ்சை வைத்து அமர்த்தினாள். டொக்டரும் வந்தார். தொப்புள்கொடி விழுகிற நேரத்தில் ஒரு துளி வருவது வழக்கம்தான், நிற்கிறதா என்று பார்ப்போம் என்றார். பஞ்சை எடுத்தார்கள், வேறு பஞ்சு வைத்தார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டேன், அவர்களுடைய மாதாவையும் சேர்த்து. கடைசியாக எடுத்த பஞ்சு வெள்ளையாக வந்தது. பிள்ளை பசிக்கு அழத் தொடங்கினாள். டொக்டர் சிரித்தார்.

எல்லாரும் போன பிறகு தாய் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இஞ்சை வாங்கோ. இரத்தம் வருமெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிக் குப்பி, நேர்ஸின் கை, நான் போட்ட சத்தம். தமக்கை எழும்பினாள், என்னை அடிக்க வருகிறாள் என்றே நினைத்தேன். தாய் அவளை மறித்தாள். என்னைப் பார்த்து, "போங்கோ" என்றாள். அவ்வளவுதான். பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அவர்களை வீட்டுக்கு விட்ட நாளில் நான் அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். மச்சாள் கால்மாட்டில் இருந்தாள். நிமிர்ந்தால் அந்தத் தாய் கட்டிலடியில் நிற்கிறாள், தோளில் பிள்ளை. எனக்குக் கையில் கரண்டி நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள், தலையிலிருந்து கால்வரைக்கும்.

"பிள்ளையின்ரை மருந்தைப் போட்டது இவருக்கோ?"

"ஓம்."

"இப்ப சுகமோ?"

"சுகம்."

"அப்ப சரி" என்றாள். பிள்ளையின் தலையைத் துணியால் மூடிக்கொண்டு, திரும்பி நடந்து போய்விட்டாள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தங்கச்சியைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் என் பக்கம் திரும்பினார். பகிடி விடுகிற முகம் அல்ல அது.

"பிறக்கப்போற பிள்ளைக்கு வைச்சதெண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"தெரிஞ்சும் கேட்டனீரோ?"

"தெரிஞ்சுதான் கேட்டனான். இனி ஒருக்கா வந்தாலும் கேப்பன்."

அவர் கஞ்சி வேண்டாம் என்று கையால் காட்டினார். நான் கோப்பையை வைத்துவிட்டு அவருடைய கையைப் பிடித்தேன். அவர் அதை இழுக்கவும் இல்லை, என் கையைப் பிடிக்கவும் இல்லை.